யோகக்ஷேமம் - மைசூர் நூலகத்தின் இரண்டு புஸ்தகங்களில் ஒரு சொல்

நம் அகங்களில் ஒரு காலத்தில் எழுதப்பட்ட கடிதங்களை எடுத்துப் பார்த்தால், விஷயம் எதுவானாலும் முதல் வரி ஒன்றாகவே இருக்கும். இவ்விடம் அனைவரும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமலாபங்களுக்கு அடிக்கடி எழுதவும். இன்று கடிதம் போய்விட்டது. ஆனால் அந்தச் சொல் வேறொரு காகிதத்தில் நம் பீரோக்களில் பத்திரமாக இருக்கிறது. 1956-இல் ஏற்பட்ட ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின், அதாவது எல்.ஐ.ஸி.யின் சின்னத்தைக் கவனித்திருப்பீர்கள். இரு கைகள் ஒரு தீபத்தைக் காக்கின்றன. கீழே தேவநாகரியில் உள்ளவை பகவத்கீதை ஒன்பதாம் அத்தியாயம் 22-ஆவது சுலோகத்தின் கடைசிச் சொற்கள். யோகக்ஷேமத்தை நான் சுமக்கிறேன் என்று பகவான் சொல்லும் இடம் அது. அதை இங்கிலீஷில் சொல்ல வரும்போது பெரும்பாலும் ‘வெல்ஃபேர்’ என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறோம்.

வெல்ஃபேர் தவறான சொல் அல்ல. ஆனால் ஸம்ஸ்கிருதத்தில் அது ஒரு சொல்லல்ல, இரண்டு. யோகம் வேறு, க்ஷேமம் வேறு. இரண்டும் சேர்ந்து வேதத்திலிருந்து நீதிமன்றம் வரை நடந்து வந்திருக்கின்றன. இந்தச் சொல் இங்கிலீஷுக்குள் போனபோது என்ன ஆயிற்று என்பதைப் பார்க்க மைசூரை விடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் ஒரே நூலகத்தில் பணியாற்றிய இரண்டு பண்டிதர்கள், இருபது வருஷ இடைவெளிக்குள், இச்சொல் வரும் இரண்டு மகா கிரந்தங்களை இங்கிலீஷில் கொடுத்தார்கள்.

இன்று மைசூரு என்று எழுதப்படும் அந்நகரில், கிருஷ்ணராஜ புலவார்ட் சாலையில் உள்ள ஜுபிலி கட்டடம் பலருக்கும் தெரிந்திருக்கும். பத்தாம் சாமராஜேந்திர உடையார் காலத்தில், 1891-இல், அரசாங்க ஓரியண்டல் லைப்ரரி தொடங்கப்பட்டது. திவானாக இருந்தவர் நம் பாலக்காட்டு சேஷாத்ரி ஐயர். 1916-இல் மைசூர் பல்கலைக்கழகம் பிறந்தபோது நூலகம் அதனுடன் சேர்ந்தது. 1943 முதல் ஓரியண்டல் ரிஸர்ச் இன்ஸ்டிடியூட் என்று பெயர். சுவடிகளைத் தேடிச் சேர்ப்பது, பாடம் பார்த்துப் பதிப்பிப்பது என்ற இரண்டு காரியங்களையும் இந்த நூலகம் ஆரம்ப காலத்திலிருந்தே செய்தது.

அங்கே க்யூரேட்டராக இருந்தவர் அல்லாடி மஹாதேவ சாஸ்திரி. தைத்திரீய ஸம்ஹிதையை பட்டபாஸ்கரரின் பாஷ்யத்தோடு பதிப்பித்தவர்களில் ஒருவர். தைத்திரீய உபநிஷத்தை சங்கரர், ஸுரேச்வரர், ஸாயணர் ஆகியோரின் விளக்கங்களோடு இங்கிலீஷில் தந்தவர். பின்னாளில் சென்னை அடையாறு நூலகத்துக்கு டைரக்டராகப் போனவர். 1897-இல் முதலில் வெளிவந்த அவருடைய புஸ்தகம் ஒன்று இன்றும் அச்சில் இருக்கிறது. அது கீதையின் சங்கர பாஷ்யத்தின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு.

அவருக்கு முன்பே இங்கிலீஷில் கீதைகள் இருந்தன. 1785-இல் சார்லஸ் வில்கின்ஸ் போட்டதுதான் முதல். கீதையின் சரம சுலோகத்தில் வரும் தர்மம் என்ற சொல்லுக்கு வில்கின்ஸ் ‘ரிலிஜன்’ என்று போட்டார். 1882-இல் தேலங் ‘ட்யூட்டீஸ்’ என்றார். மஹாதேவ சாஸ்திரி ‘ரைட்டியஸ் டீட்ஸ்’ என்றார். மூன்றில் எது சரி என்று பட்டிமன்றம் வைக்க வேண்டியதில்லை. சங்கர பகவத்பாதாள் அந்த இடத்தில் என்ன சொல்கிறார் தெரியுமோ? இங்கே தர்மம் என்றால் அதர்மத்தையும் சேர்த்தே கொள்ள வேண்டும், ஏனென்றால் எல்லாக் கர்மங்களிலிருந்தும் விடுபடுவதைத்தான் பகவான் சொல்ல வருகிறார் என்கிறார். ரைட்டியஸ் என்ற இங்கிலீஷ் சொல்லுக்குள் அதர்மத்தை எப்படி நுழைப்பது? முடியாது. மஹாதேவ சாஸ்திரிக்கு அது தெரியும். அதனால்தான் சுலோகத்துக்குக் கீழேயே பாஷ்யத்தையும் விடாமல் மொழிபெயர்த்து வைத்தார். சொல் தவறவிட்டதை பாஷ்யம் பிடித்துக்கொள்கிறது. வெறும் சுலோகத்துக்கு மட்டும் அர்த்தம் போட்ட நூற்றுக்கணக்கான இங்கிலீஷ் கீதைகளுக்கு இந்த பலம் கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

இதே புஸ்தகத்தில் யோகக்ஷேமம் என்ற சொல்லை அவர் ‘கெய்ன் அண்ட் ஸேஃப்டி’ என்று இரண்டாகப் பிரித்துப் போட்டார். அடைதல், பத்திரம். பாஷ்யத்தை அப்படியே பின்பற்றிய மொழிபெயர்ப்பு இது. கிடைக்காதது கிடைப்பது யோகம், கிடைத்ததைக் காப்பாற்றுவது க்ஷேமம் என்றே பகவத்பாதாள் சொல்கிறார்.

இப்போது இரண்டாவது பண்டிதர். ருத்ரபட்டணம் சாமாசாஸ்திரி, 1868-இல் காவிரிக் கரையில் உள்ள ருத்ரபட்டணத்தில் பிறந்தவர். அந்த ஊர் ஸங்கேதி பிராமணர்களின் ஊர். செங்கோட்டைப் பக்கத்திலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் கன்னட தேசத்துக்குக் குடிபெயர்ந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள் ஸங்கேதிகள். அவர்கள் அகத்தில் பேசும் பாஷையைக் காது கொடுத்துக் கேட்டால், கன்னடத்துக்கு நடுவில் நம் பழைய தமிழ் எட்டிப் பார்க்கும். சாமாசாஸ்திரி மைசூர் ஸம்ஸ்கிருத பாடசாலையில் வித்வத் முடித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ.வும் பெற்றார். சேஷாத்ரி ஐயர்தான் அவரை நூலகப் பணிக்குக் கொண்டுவந்தார்.

தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து ஒரு பண்டிதர் கொண்டுவந்து கொடுத்த ஓலைச்சுவடிகளில் கிரந்த லிபியில் ஒன்று இருந்தது. சாமாசாஸ்திரி அதைப் படித்துப் பார்த்தபோது, தண்டியும் பாணரும் பெயர் சொல்லி, ஆனால் யாரும் கண்ணால் காணாத கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் என்று தெரிந்தது. 1905 முதல் பகுதி பகுதியாக இங்கிலீஷில் வெளியிட்டார். 1909-இல் மூலம் அச்சாயிற்று. 1915-இல் முழு மொழிபெயர்ப்பு வந்தது. இந்திய சரித்திரம் எழுதுகிறவர்கள் பல முடிவுகளை மறுபடி யோசிக்க வேண்டி வந்தது. அவருக்கு மஹாமஹோபாத்யாய பட்டம் கிடைத்தது. 1944-இல் காலமானார்.

அவர் செய்தது எவ்வளவு கடினமான வேலை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. மஹாதேவ சாஸ்திரிக்கு சங்கரர் கூடவே இருந்தார். சாமாசாஸ்திரிக்கு யாரும் இல்லை. அவர் கையில் இருந்த பட்டஸ்வாமியின் உரை இரண்டாம் அதிகரணத்தின் ஒரு பகுதிக்கு மட்டுமே. நம் திருநெல்வேலிச் சீமை தருவை கணபதி சாஸ்திரி, திருவனந்தபுரத்தில் முழு நூலுக்கும் ஸ்ரீமூலா என்ற உரை எழுதிப் பதிப்பித்தது 1924-இலும் 1925-இலும்தான். ஆகவே சாமாசாஸ்திரி ஒவ்வொரு சொல்லையும் அது வரும் இடத்தை வைத்தே அர்த்தம் பண்ண வேண்டியிருந்தது.

யோகக்ஷேமம் என்ற சொல் அவர் கையில் என்ன ஆயிற்று என்று பாருங்கள். முதல் அதிகரணத்தின் 4-ஆவது அத்தியாயத்தில், ஆன்வீக்ஷிகி, வேதம், வார்த்தை என்ற மூன்று வித்தைகளுக்கும் யோகக்ஷேமத்தைத் தருவது தண்டம் என்கிறார் கௌடில்யர். வார்த்தை என்றால் பேச்சு அல்ல, உழவும் கால்நடையும் வியாபாரமும். இங்கே சாமாசாஸ்திரி போட்டது ‘வெல்-பீயிங் அண்ட் ப்ராக்ரஸ்’. ஒன்பது அத்தியாயம் தாண்டி 13-இல் அதே சொல் ‘ஸேஃப்டி அண்ட் ஸெக்யூரிட்டி’ ஆகிறது. ஆறாம் அதிகரணத்தில் ‘அக்விஸிஷன் அண்ட் ஸெக்யூரிட்டி’. ஒரே ஆசிரியர், ஒரே மொழிபெயர்ப்பாளர், மூன்று இங்கிலீஷ்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு இடத்திலும் அவர் போட்டது அந்த இடத்துக்குப் பொருந்துகிறது. ஆறாம் அதிகரணத்தில் கௌடில்யரே விளக்கம் தருகிறார். தொடங்கிய காரியங்களைக் கைகூட வைப்பது வியாயாமம் என்னும் முயற்சி, அது யோகத்துக்கு வழி. கைகூடியதன் பலனை நிம்மதியாக அனுபவிக்க வைப்பது சமம் என்னும் அமைதி, அது க்ஷேமத்துக்கு வழி. சங்கரர் சொன்ன அதே இரண்டு பாதிகள்தான், ராஜ்ய பாஷையில். 13-ஆம் அத்தியாயத்திலோ மூலச் சொல்லையும் அடைப்புக்குறிக்குள் கூடவே கொடுத்திருக்கிறார் சாமாசாஸ்திரி. ‘இது போதாது, மூலத்தையும் பாருங்கள்’ என்று அவரே கையைக் காட்டுகிற மாதிரி எனக்குத் தோன்றும்.

அந்த 13-ஆம் அத்தியாயத்தில்தான் முக்கியமான விஷயம் இருக்கிறது. பெரிய மீன் சின்ன மீனை விழுங்குவது போல ஜனங்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொண்டிருந்தார்களாம். அதனால் வைவஸ்வத மனுவை ராஜாவாக்கினார்கள். தானியத்தில் ஆறில் ஒரு பங்கும், வியாபாரச் சரக்கில் பத்தில் ஒரு பங்கும், பொன்னும் அவருக்கென்று ஒதுக்கினார்கள். அதை வாங்கிக்கொண்டு ராஜாக்கள் பிரஜைகளின் யோகக்ஷேமத்தைச் சுமப்பவர்கள் ஆனார்கள். வரி வாங்கிக்கொண்டு இதைச் செய்யாவிட்டால் பிரஜைகளின் பாவமும் அவர்கள் தலையில்.

சுமப்பவர் என்ற இடத்தில் கௌடில்யர் போடுவது ‘வஹ்’ என்ற தாதுவிலிருந்து வரும் சொல். கீதையில் பகவான் சொல்வதும் அதே தாது. அதாவது குருக்ஷேத்திரத்தில் ஒரு க்ஷத்திரியனிடம், ராஜாவின் உத்தியோகத்துக்குரிய சொல்லையே எடுத்து பகவான் பேசுகிறார். ராஜா ஆறில் ஒரு பங்கு வாங்கிக்கொண்டு சுமக்கிறான். பகவான் வேறொன்றையும் நினையாத சிந்தனையை மட்டும் வாங்கிக்கொண்டு சுமக்கிறான். அர்ஜுனனுக்கு இது காதில் விழுந்தவுடன் புரிந்திருக்கும். இங்கிலீஷில் படிப்பவர் ஒரு புஸ்தகத்தில் கெய்ன் அண்ட் ஸேஃப்டி என்றும் மற்றதில் ஸேஃப்டி அண்ட் ஸெக்யூரிட்டி என்றும் படிப்பார். இரண்டும் ஒரே சொல் என்று அவருக்கு யார் சொல்வது? இரண்டு புஸ்தகங்களும் ஒரே நூலகத்துப் பண்டிதர்களுடையவை. ஆனாலும் நடுவில் இருந்த நூல் அறுந்துபோயிற்று. மொழிபெயர்ப்பில் அர்த்தம் போகிறது என்று பொதுவாகச் சொல்கிறோமே, போவது பெரும்பாலும் அர்த்தம் அல்ல, இந்த உறவுதான்.

கீதைக்குள்ளேயே இன்னொரு முடிச்சு இருக்கிறது. இரண்டாம் அத்தியாயம் 45-ஆவது சுலோகத்தில், யோகக்ஷேமம் இல்லாதவனாக இரு என்று அர்ஜுனனுக்கு உபதேசம். ஒன்பதாம் அத்தியாயத்தில், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குறுதி. முதல் இடத்தில், யோகக்ஷேமத்தையே பிரதானமாக எண்ணுகிறவனுக்கு ச்ரேயஸில் மனம் செல்வது கடினம் என்று சங்கரர் காரணம் சொல்கிறார். இரண்டாவது இடத்தில் ஒரு கேள்வியைத் தானே எழுப்பிக்கொள்கிறார். மற்ற பக்தர்களின் யோகக்ஷேமத்தையும் பகவான்தானே நடத்துகிறான், இவர்களுக்கு மட்டும் என்ன விசேஷம்? பதில் இது: மற்றவர்கள் தங்களுக்காகத் தாங்களும் முயற்சி செய்கிறார்கள். இவர்கள் வாழ்வையோ சாவையோ பற்றிக்கூட ஆசை வைக்காமல் பகவானையே சரணாகக் கொண்டவர்கள். ஆகையால் இவர்களுடையதை அவனே செய்கிறான். 45-ஐ உண்மையாகக் கேட்டு நடந்தவனுக்குத்தான் 22 என்று ஆகிறது. ஒரே சொல் இரண்டு இடத்திலும் இருப்பதால்தான் இந்த முடிச்சை அவிழ்க்க முடிகிறது.

ஸ்ரீ பகவத் ராமானுஜர் இன்னும் மேலே போகிறார். இங்கே யோகம் என்பது என்னை அடைவது, க்ஷேமம் என்பது திரும்பி வராமை என்று பகவான் சொல்வதாக அவர் பாஷ்யம். கிடைக்காதது கிடைப்பது, கிடைத்தது போகாமல் இருப்பது என்ற சட்டகம் மாறவில்லை. அடையவேண்டிய பொருள்தான் மோக்ஷமாக மாறிவிட்டது. மைசூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் உள்ள மேல்கோட்டையில் பல வருஷம் எழுந்தருளியிருந்தவர் அவர். கடோபநிஷத்திலோ யமன் நசிகேதஸிடம், மந்தபுத்தி உள்ளவன் யோகக்ஷேமத்தை எண்ணி ப்ரேயஸைத் தேர்ந்தெடுக்கிறான் என்கிறான். அங்கே சொல் தாழ்ந்து, உடம்பைப் பேணுவது என்ற அளவில் நிற்கிறது. வெல்ஃபேர் என்ற ஒற்றைச் சொல்லால் யமன் சொல்வதையும் ராமானுஜர் சொல்வதையும் எப்படிச் சொல்வது?

இதற்கெல்லாம் முன்னால், வேதத்தில் இந்த இரண்டு சொற்களும் இன்னும் கையில் தொட்டுப் பார்க்கும்படி இருந்தன. யோகம் என்றால் நுகத்தடியில் பூட்டுவது, வண்டி கட்டிப் புறப்படுவது. க்ஷேமம் என்றால் ஓரிடத்தில் தங்கிக் குடியிருப்பது. மஹாதேவ சாஸ்திரி பதிப்பித்த அதே தைத்திரீய ஸம்ஹிதையில், அக்னிசயனப் பகுதியில், சில ஜனங்களின் மனம் யோகத்தில், சில ஜனங்களின் மனம் க்ஷேமத்தில் என்று வருகிறது. அங்கேயே, நடமாடுகிறவன் தங்கியிருப்பவனை ஆள்கிறான் என்றும் வருகிறது. வேலைக்காக வண்டி கட்டி எங்கெங்கோ போன நம்மவர்கள் இதைப் படித்தால் ஒரு நிமிஷம் நிற்பார்கள். அசுவமேதப் பகுதியில், இன்றும் வைதிகர்கள் ஆசீர்வாதத்தில் சொல்லும் பிரார்த்தனை ஒன்றில், பசு, எருது, குதிரை, காலத்தில் மழை, பழுத்த பயிர் என்று எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாகக் கேட்பது யோகக்ஷேமம்.

தர்மசாஸ்திரத்தில் இச்சொல்லை வைத்து சொத்து விவகாரமே இருந்தது. பாகப்பிரிவினையில் பிரிக்கக் கூடாதவற்றின் பட்டியலில் மனு யோகக்ஷேமத்தையும் சேர்த்திருக்கிறார். இது என்ன பொருள்? மந்திரி, புரோஹிதர் என்று சிலர் சொன்னார்கள். குடை, சாமரம், ஆயுதம், பாதுகை என்று சிலர். கர்நாடக தேசத்துக் கல்யாணியில், ஆறாம் விக்கிரமாதித்யன் காலத்தில் மிதாக்ஷரம் எழுதிய விஜ்ஞானேச்வரர் வேறு வழி எடுத்தார். யோகம் என்பது யாகம் போன்ற இஷ்டம், க்ஷேமம் என்பது குளம் வெட்டுவது போன்ற பூர்த்தம். பிதுரார்ஜித தனத்தைக் கொண்டு செய்திருந்தாலும் இவற்றைப் பிள்ளைகள் பங்கு போட முடியாது. 1810-இல் கோல்புரூக் இந்தப் பகுதியை இங்கிலீஷில் தந்தபோது, ஒரு சொல்லைப் போட்டு முடிக்காமல், விஜ்ஞானேச்வரரின் வாதத்தையும் மற்ற கட்சிகளையும் சேர்த்தே மொழிபெயர்த்தார். நீதிபதிகள் அதைப் படித்துத்தான் தீர்ப்பு எழுதினார்கள். வெல்ஃபேரைப் பங்கு போடாதே என்று மட்டும் அவர் எழுதியிருந்தால், பாட்டனார் வெட்டிய குளத்துக்கு என்ன கதி ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

அப்படியானால் மொழிபெயர்க்காமல் மூலச் சொல்லையே விட்டுவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். அதற்கும் மைசூரே பதில். நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆதரவில் 1933-இல் ஜகன்மோகன் அரண்மனையில் திருமலை கிருஷ்ணமாசார்யர் யோகசாலை நடத்தினார். அவரிடம் கற்ற பட்டாபி ஜோயிஸ் அதே ஊரில் பல தலைமுறைகளுக்குக் கற்பித்தார். யோகம், அஷ்டாங்கம் என்ற சொற்கள் மொழிபெயர்க்கப்படாமலேயே உலகம் முழுதும் போயின. போய் என்ன ஆயிற்று? எட்டு அங்கங்களில் மூன்றாவதான ஆஸனம் மட்டும் நின்று, அஷ்டாங்கம் என்றால் ஒருவகை ஆஸனப் பயிற்சி என்று வெளிநாட்டில் அர்த்தமாகிவிட்டது. யோகம் என்றால் ‘யூனியன்’ என்று வகுப்பு வகுப்பாகச் சொல்கிறார்கள். பதஞ்ஜலியின் முதல் ஸூத்திரத்துக்கு வியாஸ பாஷ்யமோ யோகம் என்றால் ஸமாதி என்கிறது. அது சேர்க்கைப் பொருளில் வரும் யுஜ் தாது அல்ல, ஸமாதிப் பொருளில் வரும் வேறு யுஜ் தாது என்று வாசஸ்பதி மிச்ரர் இன்னும் தெளிவாகச் சொல்கிறார். இந்தத் தவறு கிருஷ்ணமாசார்யருடையது அல்ல. சாஸ்திரங்களைப் பாடம் கேட்ட பண்டிதர் அவர். சொல் கப்பலேறியபோது பாஷ்யம் துறைமுகத்திலேயே நின்றுவிட்டது.

1908-இல் கேரளத்து நம்பூதிரிகள் தங்களுக்கு ஒரு சங்கம் அமைத்தபோது வைத்த பெயர் யோகக்ஷேம ஸபை. வைதிகர்களாகையால் சொல்லின் எடை தெரிந்து வைத்திருப்பார்கள். நாம் தமிழில் அதை இரண்டாக உடைத்து, இரண்டு துண்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறோம், அது நமக்கே தெரிவதில்லை. எதிர்பாராமல் ஒன்று கிடைத்துவிட்டால் அவனுக்கு யோகம் அடித்தது என்கிறோம். கிடைக்காதது கிடைப்பது, சங்கரர் சொன்ன முதல் பாதி. கிடைத்ததைச் செலவழிக்காமல் காப்பாற்றினால் அது சேமிப்பு. க்ஷேமம் சேமமாகி, சேமம் சேமிப்பாயிற்று. இது இரண்டாம் பாதி. படிக்காத பாட்டியும் இரண்டையும் சரியான அர்த்தத்தில்தான் சொன்னாள். எல்.ஐ.ஸி. சின்னத்தின் கீழே உள்ளதை உங்கள் பேரன் படித்து அர்த்தம் கேட்டால், வெல்ஃபேர் என்று சொல்வதற்கு முன் இந்த இரண்டு தமிழ்ச் சொற்களையும் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். பாலிஸி எடுப்பது யோகமா க்ஷேமமா என்று அவன் திருப்பிக் கேட்கக்கூடும்.